ஆளுக்கொரு வடிகட்டி

மயில்சாமி அண்ணனுக்கு மெயில் வடிகட்டி வைத்து முடிந்தது. அடுத்து ஸ்டோர்ஸ், அதற்கடுத்து அக்கவுண்ட்ஸ், இப்படி ஒவ்வொரு பெயராகத் தட்டி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அளவு வைத்து, சேமித்து, மறுபடி அடுத்த பெயர். சர்வர் ரூமின் குளிர் எனக்கு முழங்காலில் தொடங்குகிறது. துப்பட்டாவை மடியில் விரித்தால் கழுத்து நடுங்குகிறது, கழுத்தில் சுற்றினால் முழங்கால். இது மனிதர்களுக்காக வைத்த குளிர் இல்லை, அந்தக் கறுப்புப் பெட்டிகளுக்காக வைத்தது, நான் அவற்றின் வீட்டுக்குக் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்திருப்பவள். மதியம் சாப்பிட்ட தயிர்சாதம் நெஞ்சிலேயே நிற்கிறது. தூக்கம் என்று சொல்ல முடியாது, கண்ணுக்குப் பின்னால் யாரோ ஈரத்துணியைப் பிழியாமல் போட்டு வைத்த மாதிரி ஒரு கனம். டவல் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற எங்கள் கம்பெனி முழுவதற்கும் இதுவரை ஒரே வடிகட்டிதான். வருகிற மெயிலை எல்லாம் அது மோந்து பார்த்து மதிப்பெண் போடும், மதிப்பெண் ஏறினால் ஸ்பேம் என்று ஒதுக்கிவிடும், யாருக்கு வந்தது என்று பார்க்காது. டிசைன் செக்‌ஷனுக்குத் துணிக்கடை விளம்பரம் வேண்டும், அதே விளம்பரம் ஜிஎம்முக்குப் போனால் என் இண்டர்காம் அலறும். அளவை இறுக்கினால் ஒருவருக்கு வேண்டியது போய்விடுகிறது, தளர்த்தினால் இன்னொருவருக்கு மாத்திரை விளம்பரம் மூட்டை மூட்டையாக வருகிறது. கடைசியில் ஜிஎம் செங்கோட்டுவேல் சாரே சொன்னார், "ஆளுக்கொண்ணா வெச்சிருங்க அம்மணி, நம்ம கேண்டீன் டீ மாதிரி, அவனவனுக்கு எவ்வளவு சக்கரையோ அவ்வளவு." சொல்வது எளிது. அதற்கு நான் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று உங்களுக்கு எது வேண்டாம் என்று கேட்க வேண்டும், கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டும், சர்வரில் செய்கிற வேலை அதில் பாதிகூட இல்லை. மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, நான் வந்தது தெரிவதில்லை, இருமினால் திரும்புகிறார்கள். டெஸ்பாட்ச் மயில்சாமி அண்ணன் மட்டும் நான் இருமுவதற்கு முன்பே நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "எதை வேணா நிறுத்து சாமி, அந்த ஆப்பிரிக்கா இளவரசி மெயிலை மட்டும் நிறுத்திராத. அப்பன் செத்து, சொத்தெல்லாம் பேங்க்ல மாட்டி, பாவம், என்னைய நம்பித்தான் எழுதுது." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வந்து அவர் பெயருக்கு நேராக உண்மையிலேயே அளவைத் தளர்த்தி வைத்தேன். இளவரசி வரட்டும்.

இன்றைக்கு அந்தச் சிரிப்பு எதுவும் நினைவில் ஒட்டவில்லை, காரணம் அந்த இண்டர்காம். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் அடித்தது. ஜிஎம். "ஹாம்பர்க்காரன் போன வாரமே சாயக் கலர் சரின்னு ஷேட் அப்ரூவல் மெயில் போட்டுட்டேங்கறான், ரேணுகா வரவே இல்லைங்குது, சாயப்பட்டறை நிறுத்தி வெச்சுருக்கு, கப்பல் போயிரும்போல. ஆறு மணிக்கு அவனோட போன் கால் இருக்குது. அதுக்குள்ள எனக்குத் தெரியோணும், அந்தப் புள்ள பாக்காம விட்டுதா, இல்ல உன்ற மெஷின் முழுங்கிருச்சா?" நான் சரிங்க சார் என்றேன். அவர் வைத்துவிடவில்லை. மூச்சு கேட்டது. "பாக்காம விட்டுருந்தா ஹாம்பர்க்கை வேற ஆள்கிட்டக் குடுத்துருவேன். சொந்தம்னெல்லாம் பாத்துட்டிருக்க முடியாது. பேக்கிங்ல போய் நிக்கட்டும், இல்லாட்டி வீட்டுல இருக்கட்டும், புருசன் சம்பாதிக்கறான்ல." அதற்கும் சரிங்க சார் என்றேன். எதற்குச் சரி என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிடுகிறது, எதிரில் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், சரிங்க சார். ரேணுகா அக்கா இங்கே மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற பையர் சொல்வதைத் தறிக்காரரிடமும், தறிக்காரர் சொல்வதைப் பையரிடமும், யாருக்கும் கோபம் வராத மாதிரி மாற்றி மாற்றிச் சொல்கிற வேலை. மாசியில் அவள் புருசன் தனசேகரை விட்டு வந்து பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறாள். அது இந்த ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு ஏன் சொன்னாள் என்றால் நான் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன் என்று ஆபீஸ் முழுவதற்கும் தெரியும், சொல்லாமல் இருப்பது என்னுடைய குணம் இல்லை, சொல்ல வராதது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்த வேலை போனால் விடுதி போகும், விடுதி போனால் எங்கே போவாள். வீட்டுல இருக்கட்டும். அந்த வீட்டுக்குத்தான்.

பார்க்கத்தான் வேண்டும். பார்க்காமல் எழுந்து போக முடியாது. அக்காவின் பெயரைத் திறக்கிறேன். ஆளுக்கொரு வடிகட்டி என்று முடிவானதும் முதலில் சோதனைக்கு எடுத்துக்கொண்டது அவளைத்தான். அவளே கேட்டாள். கை கழுவுகிற இடத்தில், குழாயை ஓடவிட்டுக்கொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, "வாணி, எனக்கு வர்ற சில மெயில் எனக்குத் தெரியாமலே எங்கியாச்சும் போயிறோணும், முடியுமா கண்ணு?" முடியும் என்றேன். அவளுக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்தேன், வேண்டாதது எது வந்தாலும் இதில் இழுத்துப் போடுங்கள் அக்கா, போடப் போட அது உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளும், பிறகு தானே தள்ளிவிடும். மற்றவர்கள் அந்த மாதிரி ஃபோல்டரைக் குப்பைத்தொட்டி மாதிரிதான் பாவிப்பார்கள், படித்து முடித்ததை எல்லாம் வீசுவார்கள். அக்கா அப்படி இல்லை. ஒன்று விடாமல், தனசேகருடையது மட்டும், அத்தனை ஒழுங்காகப் போட்டிருக்கிறாள். இப்போது அந்த ஃபோல்டரில் வரிசையாக நிற்கிறது. நான் உள்ளே படிக்க மாட்டேன், தலைப்பை மட்டும் பார்க்கிறேன், தலைப்பைப் பார்ப்பது படிப்பது ஆகாது. ஷேட் அப்ரூவல், அர்ஜெண்ட். சாம்பிள் டெஸ்பாட்ச். கிச்சன் டவல், டெலிவரி டேட். ரிவைஸ்டு ஆர்டர். ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. இது எல்லாமே பையர் மெயில் மாதிரி இருக்கிறதே, ஒருவேளை அக்காதான் தவறாக இழுத்துப் போட்டுவிட்டாளோ, அப்படியென்றால் ஜிஎம் சொன்னதுதான் சரியோ என்று மறுபடி மேலிருந்து பார்த்தேன். பிறகு தலைப்புக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிகிற முதல் வரியைக் கண் படித்துவிட்டது, நான் படிக்கவில்லை, கண் படித்தது. ரேணு நேத்து நீ பச்சைச் சுடிதார்ல. அதோடு வரி முடிந்துவிட்டது. மீதி உள்ளே. அவன் நூல் ஏஜெண்ட். இந்தத் தொழிலின் சொல் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அக்கா எந்தத் தலைப்பைப் பார்த்தால் திறக்காமல் இருக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும், அவள் மேசையில் உட்கார்ந்து பார்த்தவன் மாதிரித் தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு முகவரி, பெயரில் ஒரு எழுத்து கூட, ஒரு புள்ளி கூட. முகவரி மாறிக்கொண்டே இருந்ததால் இயந்திரம் முகவரியை விட்டுவிட்டுச் சொற்களைப் பிடித்துக்கொண்டது. ஏன் ஒதுக்கினாய் என்று கேட்டால் அது சொல்லும், அந்த வசதி அதில் இருக்கிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு வெறுப்பு என்று எழுதிக் காட்டும். ஷேட், வெறுப்பு. சாம்பிள், வெறுப்பு. டவல், நூல், டெலிவரி, தறி. அக்கா தினமும் பேசுகிற, எழுதுகிற, சோறு போடுகிற சொல் அத்தனையையும் அவன் தொட்டுவிட்டான், தொட்டதை எல்லாம் அவள் தள்ளினாள், அது பார்த்துக் கற்றுக்கொண்டது. வரிசையின் நடுவில், இரண்டு தனசேகருக்கு இடையில், ஹாம்பர்க்கின் மெயில். ஷேட் அப்ரூவல். திறக்கப்படாமல், தடித்த எழுத்தில்.

அப்படியென்றால் தெரிந்துவிட்டது, அக்கா பார்க்காமல் விடவில்லை, அவள் கண்ணுக்கே வரவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி வருமே. ஹாஸ்டல் நினைவு வருகிறது, ஈரோட்டில், கல்லூரி ஹாஸ்டலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு விசிட்டர் கார்டு உண்டு, அதில் அப்பா அம்மா அண்ணன் போட்டோ ஒட்டியிருக்கும், கார்டில் போட்டோ இல்லாதவர் யாராக இருந்தாலும் கேட்டுக்கு வெளியேதான். வார்டன் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். என் அப்பா ஒருமுறை மீசையை எடுத்துவிட்டு வந்தார், அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள், நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், இறங்கிப் போய் இவர்தான் என் அப்பா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், கால் இறங்கவில்லை, வார்டன் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமே என்று படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வார்டன் நல்லவர்தான். பெண்களுக்கு வரும் பார்சலைப் பிரித்துப் பார்ப்பார், போனை வாங்கி அண்ணன்னா எந்த அண்ணன் என்பார், அவர் எங்களுக்காகப் பயந்தார், நாங்கள் அவருக்குப் பயந்தோம். இப்போது நான் இங்கே உட்கார்ந்து இத்தனை பேருக்கு எது வரலாம் எது வரக் கூடாது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பெயரும் இந்த வரிசையில் இருக்கிறது, கடைசியில் போடலாம் என்று விட்டிருக்கிறேன். எனக்கு எது வேண்டாம். எனக்கு வருவதே திருமண வரன் தளத்திலிருந்துதான், அப்பா ஆபீஸ் முகவரியைக் கொடுத்துப் பதிந்துவிட்டார், உங்களுக்குப் பொருத்தமான மூன்று வரன்கள் என்று வாரம் தவறாமல் வரும், வடிகட்டி அதற்கு ஸ்பேம் மதிப்பெண் போடுகிறது, நான் நிறுத்தவும் இல்லை, திறக்கவும் இல்லை. தனசேகரும் ஒரு காலத்தில் பொருத்தமான வரனாகத்தான் வந்திருப்பான், ஸ்டூடியோவில் நீலத் திரைக்கு முன்னால் கைகட்டி நின்ற போட்டோவோடு. நீ பச்சைச் சுடிதார்ல. நேற்று அக்கா பச்சை போட்டிருந்தாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கழுத்தில் கண்ணாடி வைத்துத் தைத்தது, நன்றாக இருக்கிறது என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் போனேன். நான் பார்த்ததை அவனும் பார்த்திருக்கிறான், எங்கிருந்து, பஸ் ஸ்டாப்பிலிருந்தா, எதிர் டீக்கடையிலிருந்தா. குளிர் முழங்காலிலிருந்து மேலே ஏறுகிறது.

கதவு திறந்ததும் என் தோள் தூக்கிப் போட்டது. அக்காதான், இரண்டு கையிலும் டீ. "என்ன அம்மணி, பேயப் பாத்த மாதிரி பாக்கற, நான்தான், இந்தா சூடா இருக்குது." டம்ளரை வாங்கியதும் உள்ளங்கை சுட்டது, சுடுவது நன்றாக இருந்தது. திரையை மறைக்கலாமா என்று யோசித்தேன், அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நாற்காலி இல்லை, காலியான மானிட்டர் பெட்டி மேல் உட்கார்ந்தாள், உட்காரும்போது முதுகு வளைந்தது, எப்போதும் நேராக இருக்கிற முதுகு. நான் சொன்னேன், சொல்வதற்கு டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், ஹாம்பர்க் மெயில் இதில்தான் இருக்கிறது அக்கா, அவர் போடுகிற தலைப்பும் பையர் போடுகிற தலைப்பும் ஒன்றாக இருக்கிறது, அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை. அக்கா சிரித்தாள், மூக்கால் மட்டும். "பிரிக்கத் தெரியலியா. எனக்கே தெரியாது கண்ணு, அதனாலதான திறந்து திறந்து பாத்தேன்." கற்றதை எல்லாம் அழித்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். எல்லாம் இன்பாக்ஸுக்கு வரும் என்றேன். எல்லாம்னா எல்லாமா. எல்லாம் அக்கா. "அப்ப அழிச்சராத. வந்ததையும் அழிச்சராத, கோர்ட்டுக்கு வேணும்னு வக்கீலம்மா ஒண்ணையும் அழிக்கக் கூடாதுன்னுட்டாங்க. என்னால பாக்கவும் முடியாது. மெயில் வந்து டிங்குனு சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு ஓடிரலாம்னு இருக்குது." ஜிஎம்மிடம் உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன், கேட்டேனா, உதடு அசைந்தது, அவள் புரிந்துகொண்டாள். "ஐயோ, வேண்டாம் சாமி. அவரு இவனுக்குப் பங்காளி முறை, இவனும் வெக்கப்பட்டு அவருகிட்டச் சொல்லாமத்தான் வெச்சிருக்கான். எனக்கு இந்த வேலையே அவரு வாங்கிக் குடுத்ததுதான், கல்யாண மொய் மாதிரி. தெரிஞ்சுதுன்னு வெச்சுக்க, ஞாயித்துக்கிழம ரெண்டு வீட்டாரையும் கூப்பிட்டு, பஜ்ஜி போட்டு, பேசி முடிச்சு, அவரு கார்லயே என்னயக் கொண்டுபோய் அங்க இறக்கி விட்டுட்டுத்தான் வருவாரு. கெட்டவரா இருந்தா சண்ட போடலாம். நல்ல மனுசன். அதான் பயம்." டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் குடிக்கவில்லை, நானும். எழுந்து கதவுக்குப் போய்த் திரும்பினாள். "ஒண்ணு கேக்கட்டுமா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு. எனக்கு வர்றத மொதல்ல நீ பாத்துட்டு, அவனுதை எடுத்து வெச்சுட்டு, மீதிய மட்டும் அனுப்பறியா?" நான் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும். அவள் சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி, உடு, நீயே சின்னப் புள்ள" என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

சின்னப் பிள்ளை. சொல்லியிருக்கலாம். சொல்ல என்ன இருக்கிறது. செய்வது மிகச் சுலபம், அவள் பெயருக்கு வருகிற எல்லாவற்றையும் என்னிடம் நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும், அதற்குப் பிறகு தினமும், ஒவ்வொன்றையும் நான் திறக்க வேண்டும். திறந்தால்தான் தெரியும். தலைப்பு பொய் சொல்லும். இயந்திரம் ஒரு மெயிலைப் படித்தால் சொற்களை எண்ணிக்கொள்கிறது, அதோடு சரி, அதற்கு இரவு சாப்பாடு இறங்காமல் போகாது, பஸ்ஸில் பின்னால் நிற்கிற ஆளைத் திரும்பிப் பார்க்காது. நான் பார்ப்பேன். எனக்குத் தெரியும் என்னைப் பற்றி, யாரோ யாரையோ திட்டினால்கூட நான் சுருங்கிக்கொள்வேன், வீட்டில் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் சண்டை போட்டால் டீவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். இவ்வளவு களைப்பாக இருக்கிறது, என்ன செய்துவிட்டேன் இன்றைக்கு, சில பெயர்களைத் தட்டினேன், வேறொன்றும் இல்லை. வேறு வழி யோசி. முகவரியை அடைக்கலாம், அவன் நாளைக்கு வேறு முகவரியில் வருவான். ஹாம்பர்க்கின் முகவரியை மட்டும் எப்போதும் உள்ளே விடு என்று எழுதலாம், அதை இப்போதே எழுதிவிடலாம், ஆனால் சாயப்பட்டறைக்காரர், தறிக்காரர், லாரி ஆபீஸ், புதிதாக வரப்போகிற பையர், எல்லோருடைய முகவரியையும் முன்கூட்டியே யார் அறிவார், அவர்கள் எல்லோரும் அதே சொற்களில்தான் எழுதுவார்கள், வேறு சொல் இந்த ஊரில் கிடையாது. ஃபில்டர் முழுங்கிவிட்டது சார் என்று சொல்லிவிடலாம். ஏன் முழுங்கியது என்பார். தெரியவில்லை என்றால் உனக்கெதற்குச் சம்பளம் என்பார், அது பரவாயில்லை, பரவாயில்லையா, பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம், அடுத்து வெளியிலிருந்து ஆள் கூட்டி வந்து பார்க்கச் சொல்வார், வருகிறவன் இந்த ஃபோல்டரைத் திறந்து, இதோ பாருங்கள் சார் என்று சத்தமாகப் படிப்பான். மறுபடி முதலிலிருந்து. முகவரியை அடைக்கலாம். எத்தனை தரம் இதையே சுற்றுவது. திரையின் ஓரத்தில் கடிகாரம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா யாருடனோ போனில் பேசுகிறாள், பேசும்போது மேசை மேலிருந்த துணித் துண்டுகளை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள், அவளுடைய கம்ப்யூட்டர் டிங் என்றிருக்க வேண்டும், கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் காற்றில் நின்றது. அப்புறம் மெதுவாக அடுத்த துண்டை எடுத்தது.

ஜிஎம் அறைக்குப் போகிற வழியில் கார்ப்பெட் தொடங்குகிற இடம் ஒன்று இருக்கிறது, அந்த இடத்தில் செருப்புச் சத்தம் நின்றுவிடும், நான் நடப்பது எனக்கே கேட்காது. உள்ளே எல்லாம் வார்னிஷ் வாசனை. அவர் நிமிர்ந்து, "வாங்க அம்மணி, சொல்லுங்க, யாரு தப்பு?" என்றார். கல்லூரி வைவாவில் இப்படித்தான் நின்றேன், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்டதற்குப் பதில் முழுவதும் தெரியும், நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பக்கத்தில் நின்றவள் சொன்னாள், நான் நினைத்த அதே பதிலை. இன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. "ரேணுகாக்கா மேல தப்பு இல்லைங்க சார்." என் குரல்தான், கொஞ்சம் கரகரத்தது. "அந்த மெயில் அவங்க கண்ணுக்கு வரவே இல்லைங்க. ஃபில்டர் ஒதுக்கிருச்சுங்க. திறக்காம அப்படியே இருக்குது, சர்வர்ல பதிவு இருக்குதுங்க, காட்டறேன்." அவர் பேனாவை வைத்தார். "ஏன் ஒதுக்குச்சு?" வந்துவிட்டது. ஏன். அவர் முகத்தைப் பார்க்காமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த குலதெய்வம் படத்தைப் பார்த்தேன். "வேண்டாத மெயில் போடறவங்களும் நம்ம வார்த்தையைத்தான் போடறாங்க சார். ஷேட், சாம்பிள்னு. மெஷினுக்கு அவங்களும் பையரும் ஒண்ணாத்தான் தெரியுது." எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேண்டாதவர் யார் என்பதைத்தான் சொல்லவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்தார், அது கிறீச்சிட்டது. "அப்ப நாளைக்கும் இப்படித்தான் முழுங்கும்?" இல்லைங்க சார். "எப்படி இல்லைங்கற?" என் கை துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது, முறுக்குவதைப் பார்த்தேன், நிறுத்தவில்லை. "அவங்க பேருக்கு மட்டும் மெஷின் வேண்டாங்க சார். நானே பாத்து அனுப்பறேன்." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீயா? நல்லதாப் போச்சு, அதும் பேசாது, நீயும் பேச மாட்ட. எத்தன நாளைக்கு அம்மணி பாப்ப?" தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "அந்த மெயில் வந்துட்டிருக்கற வரைக்குங்க சார்." "செரி. ஹாம்பர்க்காரன்கிட்ட சர்வர் பிரச்சினைன்னு சொல்லிக்கறேன். ஏதாச்சும் ஒண்ணு தவறுச்சு, அந்தப் புள்ளைய இல்ல, உன்னத்தான் கேப்பேன்." சரிங்க சார் என்றேன். இந்த முறை எதற்குச் சொன்னேன் என்று தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன், இருமவில்லை, அவளே நிமிர்ந்தாள். "அக்கா, இனிமே உங்களுக்கு எது வந்தாலும் நான் பாத்ததுதான் வரும்" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்து உடனே விட்டுவிட்டாள், சுற்றி ஆட்கள் இருந்தார்கள். சர்வர் ரூமில் ஆறிய டீ மேல் ஆடை படிந்திருந்தது. அந்த ஒரு வரியை எழுதினேன். ஹாம்பர்க்கின் பழைய மெயிலை எடுத்து அவளுக்கு அனுப்பினேன். மீதியை அழிக்காமல், யாரும் திறக்க முடியாத இடத்தில் பூட்டி வைத்தேன். பிறகு செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான், முழங்கால் விறைத்துவிட்டது, காலைத் தூக்கி நாற்காலி மேல் மடக்கிக்கொண்டேன். நெடுநேரம் ஆகவில்லை. முதலாவது வந்தது. தலைப்பு, ஷேட் கார்டு, உடனடிப் பதில் தேவை. சாயப்பட்டறையாக இருக்கலாம். சாயப்பட்டறையாக இருக்கட்டும். திறந்தேன். ரேணு, நீ பதில் போடாட்டியும் இதைப் படிச்சுட்டுத்தான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்து யாரோ சொன்ன மாதிரி இருந்தது. கதவைப் பார்த்தேன், சாத்தித்தான் இருந்தது. மூடிவிடலாம், முதல் வரியிலேயே யாருடையது என்று தெரிந்துவிட்டது, ஆனால் எந்தத் தெருவில் நின்றான், எங்கே வரப்போகிறேன் என்கிறான் என்பது கீழே இருந்தால், அக்காவுக்கு யார் சொல்வார். கடைசி வரை படித்தேன். மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல். நூல் விலை இறங்கியது, அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, விடுதி வாசலில் நாய் இருப்பது அவனுக்குத் தெரியும், எல்லாவற்றையும். அக்காவிடம் சொல்ல வேண்டியது எது, சொல்ல வேண்டாதது எது என்று பிரித்துக்கொண்டேன், நாயைச் சொல்ல வேண்டும், விடுதியை மாற்றச் சொல்ல வேண்டும், இன்றைக்குச் சாயங்காலம் அவளோடு நானும் பஸ்ஸில் போக வேண்டும். அதைப் பூட்டிய இடத்துக்கு நகர்த்தினேன். வாய் கசந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மயில்சாமி அண்ணன் அக்காவின் மேசையோரம் நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அக்கா நாற்காலியில் சாய்ந்து, தொண்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவளுடைய கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்தது வந்தது. சாம்பிள் டெஸ்பாட்ச் என்று தலைப்பு. திறந்தேன்.